மைதானம் யார் பெயரில் இருக்கிறது? - ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அணிகளின் உரிமையாளர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களுடன்.

கேள்வி: பல வருடங்களாக ஒரே அணியின் பின்னால் நிற்கிறேன். கோச் மாறுகிறார், கேப்டன் மாறுகிறார், ஜெர்சி மாறுகிறது. புள்ளிப் பட்டியலில் இடம் மட்டும் மாறவில்லை. யாரைக் குறை சொல்வது, கோச்சையா, ஓனரையா?

பதில்: கணக்கைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பெரும்பாலான தொழில்முறை அணிகள் ஒரு கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) பதிவானவை. இங்கிலாந்து கிளப் என்றால், அந்நாட்டின் கம்பெனிப் பதிவகமான ‘கம்பெனிஸ் ஹவுஸ்’ இணையதளத்தில் ஆண்டுக் கணக்கை இலவசமாகப் படிக்கலாம். இந்திய அணி என்றால் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) தளத்தில் 100 ரூபாய் கட்டி அந்தக் கம்பெனியின் ஆவணங்களைப் பார்க்கலாம். அணியின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. அணியின் இணையதளத்தில் விதிமுறைகள் பக்கத்தின் அடியில் கம்பெனியின் முழுப் பெயர் இருக்கும். அதை வைத்துத் தேடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வீரர்களின் சம்பளச் செலவு. லீக்கில் எல்லா அணிகளின் சம்பளச் செலவையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். உங்கள் அணி செலவில் ஒன்பதாவது, பட்டியலிலும் ஒன்பதாவது என்றால் கோச் தன் வேலையைச் செய்திருக்கிறார். இருக்கும் பணத்துக்கு அதுதான் கிடைக்கும். செலவில் மூன்றாவது, பட்டியலில் பன்னிரண்டாவது என்றால் வீரர் தேர்விலோ பயிற்சியிலோ கோளாறு. அதுவே நான்கு ஐந்து வருடம் தொடர்ந்தால், கோச்சுகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருக்கும் ஆளின் மீதுதான் குற்றம்.

அடுத்து, சம்பளம் வருமானத்தில் எத்தனை சதவீதம்? ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ வைத்திருக்கும் வரம்பு, சம்பளம், டிரான்ஸ்ஃபர் தேய்மானம் (வீரரை வாங்கிய விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துப் போடும் செலவு), ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து 70 சதவீதம். உங்கள் அணி 100ஐத் தாண்டியிருந்தால், மீதிப் பணம் யாரோ ஒருவரின் பையிலிருந்து வருகிறது. அந்த ஒருவர் கையை இழுத்துக்கொள்ளும் நாளில் அணி படுத்துவிடும்.

கடைசியாகத் தணிக்கையாளரின் குறிப்பு. ‘நிறுவனம் தொடர்ந்து இயங்குவது குறித்து கணிசமான ஐயம் உள்ளது’ என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தால் அதுதான் அபாய மணி. கணக்கு தாக்கல் செய்யவே தாமதமானாலும் அப்படித்தான். இங்கிலாந்தில் தனியார் கம்பெனிக்கு நிதியாண்டு முடிந்து 9 மாதம் அவகாசம் உண்டு. அதையும் தவறவிடுகிற கிளப்பில் உள்ளே ஏதோ சரியில்லை.

கேள்வி: கடன் வாங்கி ஒரு கிளப்பை வாங்குவது, பிறகு அந்தக் கடனை அதே கிளப்பின் தலையில் கட்டுவது. இது சட்டப்படி சரியா?

பதில்: சட்டப்படி நடந்திருக்கிறது. 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் எடுத்துக்கொண்டபோது, பணத்தில் பெரும் பகுதி கடன். அதுவரை பெரிய கடன் சுமை இல்லாத கிளப், அன்று முதல் தன்னை வாங்கிய செலவுக்குத் தானே வட்டி கட்டி வருகிறது. வட்டியாகப் போன ஒவ்வொரு பவுண்டும் மைதானக் கூரைக்கோ பயிற்சிக் கூடத்துக்கோ போயிருக்க வேண்டியது. அதை எதிர்த்து விலகிய ரசிகர்கள் அதே ஆண்டு எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப்பே தொடங்கினார்கள்.

ஓனர் தன் பணத்தைப் போடும்போதும் கவனிக்க ஒன்று உண்டு. பங்காகப் போட்டாரா, கடனாகக் கொடுத்தாரா? பங்கு என்றால் திரும்பக் கேட்க முடியாது. கடன் என்றால் வட்டியில்லாவிட்டாலும் கேட்கலாம். செல்சிக்கு ரோமன் அப்ரமோவிச் கொடுத்திருந்தது சுமார் 150 கோடி பவுண்டு. எல்லாம் கடன் கணக்கில் இருந்தது. 2022இல் கிளப்பை விற்றபோது அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை என்று அவர் அறிவித்ததால் கிளப் தப்பியது. அந்த மாதிரி ஒருவரின் மனசை நம்பி ஒரு கிளப் இருப்பதே ஆபத்து. ஓனர் பேட்டியில் ‘இவ்வளவு கோடி போட்டேன்’ என்று சொல்லும்போது, அந்தக் கடனைப் பங்காக மாற்றிவிட்டீர்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

கேள்வி: எங்கள் கிளப்பின் மைதானத்தை ஓனர் தன்னுடைய வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். ‘எல்லாம் ஒரே கைதானே’ என்கிறார். கவலைப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும். வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான்.

ஏன் விற்கிறார்கள் என்றால், லீக்கின் நஷ்ட வரம்பைத் தாண்டாமல் இருக்க. மைதானத்தைப் பழைய விலையில் கணக்கில் வைத்திருப்பார்கள். தன் கம்பெனிக்கே பெரிய விலையில் விற்றால் அந்த வருடம் லாபம் போலத் தெரியும். இங்கிலாந்து கிளப்பான டெர்பி கவுன்டி 2018இல் தன் பிரைட் பார்க் மைதானத்தை அன்றைய ஓனரின் கம்பெனிக்கு ஏறக்குறைய 8 கோடி பவுண்டுக்கு விற்றது இப்படித்தான். 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்கு 12 புள்ளி, கணக்கு விதி மீறலுக்கு 9 புள்ளி, ஆக 21 புள்ளி பறிபோய், 2022இல் மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கியது. கிளப்பை வாங்க வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி மைதானம். கிளப்பை வாங்கினாலும் மைதானம் தனி ஆளிடம், அதன் மேல் தனி அடமானம். இரண்டையும் ஒரே உள்ளூர்த் தொழிலதிபர் வாங்கிய பிறகுதான் கிளப் மூச்சுவிட்டது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை: குத்தகை எத்தனை வருடம்? வாடகையை யார், எதை வைத்து உயர்த்துவார்கள்? கிளப் வேறு கைக்கு மாறினால் குத்தகை தொடருமா, ரத்தாகுமா? மைதானத்தின் மேல் யாருக்கு அடமானம் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு ஓனரின் பதில் தேவையில்லை. கம்பெனிஸ் ஹவுஸில் அந்த மைதானக் கம்பெனியின் பெயரைத் தேடி ‘சார்ஜஸ்’ பகுதியைத் திறந்தால் கடன் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். அங்கே வழக்கமான வங்கி இல்லாமல், அதிக வட்டிக்குக் கொடுக்கும் தனியார் கடன் நிறுவனம் இருந்தால் நிலைமை இறுக்கம் என்று பொருள்.

தடுக்க வழி உண்டா? இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு சட்டப்படி மைதானத்தைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று உள்ளாட்சியிடம் பதிவு செய்யலாம். விற்கப் போனால் உள்ளூர் அமைப்புகள் பணம் திரட்ட 6 மாத அவகாசம் கிடைக்கும். ஆனால் ஓனர் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் இன்னும் வலுவானது: சொந்த மைதானத்தை விற்கப் புதிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் பலமான பூட்டு செல்சி ரசிகர்களிடம் இருக்கிறது. 1993இல் தொடங்கிய ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ அமைப்பிடம் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜின் ஆடுகள நிலமும், ‘செல்சி ஃபுட்பால் கிளப்’ என்ற பெயரும் இருக்கின்றன. அவர்கள் ஒப்பாமல் கிளப் இடம் மாறினால் பெயரைக் கொண்டுபோக முடியாது. 2011இல் அந்த நிலத்தைத் திரும்ப வாங்க நிர்வாகம் முயன்றது. 75 சதவீத வாக்கு வேண்டும். கிடைத்தது 62 சதவீதத்துக்கும் குறைவு. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான அப்ரமோவிச்சால்கூட முடியவில்லை. நல்ல காலத்தில், ஓனர் நம்மோடு இணக்கமாக இருக்கும்போதே, பெயரையும் நிலத்தையும் இப்படிப் பிரித்து எழுதி வாங்கிவிட வேண்டும். நெருக்கடி வந்த பிறகு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சில அணிகள் பத்து, பதினைந்து வருடம் தோற்றுக்கொண்டே இருக்கின்றன. ஓனருக்கு நஷ்டமே வராதா?

பதில்: வராது, அதுதான் சிக்கல். என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் தொலைக்காட்சிப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் பொதுமக்கள் பங்குதாரர்களாக இருக்கும் அணி என்பதால் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. அதன் மூலம்தான் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிகிறது. 2024 அறிக்கையில் லீக்கின் பங்காக வந்தது 40.2 கோடி டாலர். 2024 சீசனில் ஒரு அணிக்கான சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர். அதாவது ஒரு டிக்கெட்கூட விற்காமலே வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். கீழ் லீக்குக்கு இறங்கும் பயமும் இல்லை. தோற்பவருக்கு அடுத்த ஆண்டு முதல் வரிசையில் இளம் வீரர் தேர்வு வேறு கிடைக்கிறது. இப்படிப்பட்ட லீக்கில் ஓனரை அசைக்கக்கூடியது தோல்வி அல்ல, காலி இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரிவதும் ஸ்பான்சர் விலகுவதும்தான்.

கேள்வி: புறக்கணிப்பு பலன் தருமா? மேட்சுக்குப் போகாமல் இருந்தால் அணியைத்தானே தண்டிக்கிறோம் என்று மனசு உறுத்துகிறது.

பதில்: அந்த உறுத்தல் நியாயமானது. முடிவெடுக்கும் முன் கிளப்பின் வருமானத்தில் டிக்கெட்டின் பங்கைப் பாருங்கள். பிரீமியர் லீக் மாதிரி தொலைக்காட்சிப் பணம் கொட்டும் இடத்தில் கேட்டை மூடினாலும் ஓனருக்கு வலிக்காது. கீழ்நிலை லீக்கில் வலிக்கும். பிளாக்பூல் ரசிகர்கள் பல சீசன்கள் உள்ளே போகாமல், உணவு, ஜெர்சி எதிலும் காசு கொடுக்காமல் நின்றார்கள். 2019 பிப்ரவரியில் நீதிமன்றம், கிளப்பை ஓனர் கையிலிருந்து எடுத்துக் கவனிக்க ஓர் அதிகாரியை (ரிசீவர்) நியமித்தது. மார்ச்சில் ரசிகர்கள் திரும்பினார்கள். ஜூனில் புது ஓனர் வந்தார். கவனியுங்கள், ஓனரைக் கடைசியில் வீழ்த்தியது பங்குதாரர் வழக்கு. ரசிகர்களின் கட்டுப்பாடு ஓனரைத் தனிமைப்படுத்தியது.

செய்வதானால் நிபந்தனையை எழுத்தில் வையுங்கள்: எது நடந்தால் திரும்புவோம் என்று. அது இல்லாத புறக்கணிப்பு இரண்டு வெற்றி வந்ததும் கரைந்துவிடும். வெளியூர் ஆட்டங்களுக்குப் போய் அணியை உற்சாகப்படுத்தலாம். அங்கே டிக்கெட் பணத்தின் பெரும்பகுதி எதிரணிக்குப் போகிறது. லீக் ஆட்டத்தில் அது உங்கள் ஓனர் கைக்கு வராது.

கேள்வி: நம் நாட்டில் பழைய கிளப்புகள் முதலீட்டாளரைத் தேடி ஓடுகின்றன. நூறு வருடக் கிளப் பெயரையே இழந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயத்தை கொல்கத்தா நன்றாக அறியும். ஈஸ்ட் பெங்காலில் 2018இல் குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்கோடு வந்து 2020இல் போனது. பிறகு 76 சதவீதத்தோடு ஸ்ரீ சிமென்ட். இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற இழுபறியிலேயே இரண்டு சீசன் போனது. 2022இல் இமாமி வந்தது. ஓனர் மாறும் ஒவ்வொரு முறையும் வீரர்களைச் சேர்ப்பது கடைசி வாரங்களுக்குத் தள்ளிப்போகும். நல்ல வீரர்கள் அதற்குள் வேறு இடத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். ஆட்டத்தில் தெரிகிற பலவீனத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மோகன் பகானில் 2020இல் ஏடிகே என்ற இன்னொரு கொல்கத்தா அணி இணைந்து பெயர் ‘ஏடிகே மோகன் பகான்’ ஆனது. ரசிகர்கள் மூன்று வருடம் விடாமல் எதிர்த்தார்கள். 2023இல் கோப்பையை வென்ற இரவில் ஏடிகே நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஒப்பந்தம் போடும் முன்பே மூன்று வரிகளை வலியுறுத்துங்கள்: பெயர், நிறம், சின்னம் கிளப்பின் சங்கத்துக்கே சொந்தம், முதலீட்டாளர் விலகினால் ஆடும் உரிமை எத்தனை நாளில், எந்தக் கட்டணமுமின்றித் திரும்பும், அவர் காலத்தில் சேர்ந்த சம்பள பாக்கி யாருடையது. மூன்றாவதை மறந்துவிட்டு, போனவர் வைத்த கடனுக்கு வந்தவர், புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வாங்கிய கதைகள் நிறைய.

இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) புதிதாக உருவான கால்பந்து அணிகளுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. 2019இல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி மூடப்பட்டு அந்த இடம் ஹைதராபாத்துக்குப் போனது. வாடகை மைதானம், உறுப்பினரே இல்லாத கிளப். தடுக்க யாருக்கும் வாக்கு இல்லை.

கேள்வி: ரசிகர்களே கிளப்பை வாங்க முடியுமா?

பதில்: முடியும். பெரும்பாலும் கிளப் விழுந்த பிறகுதான் விலை கைக்கு எட்டும். 2008இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற போர்ட்ஸ்மவுத் 2010இலும் 2012இலும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2013இல் ரசிகர்கள் தலா 1,000 பவுண்டு போட்டு, சில வசதியானவர்களும் சேர்ந்து வாங்கினார்கள். கடனை அடைத்து, 2017இல் நான்காம் நிலை லீக்கை வென்று, பிறகு வாக்கெடுப்பு நடத்தி விற்றார்கள். விற்றதைத் துரோகமாகப் பார்க்க வேண்டியதில்லை. பழைய மைதானத்தைச் சீரமைக்கும் பணம் அவர்களிடம் இல்லை.

தொடங்குவதானால் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதியோடு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். ஒரு தணிக்கையாளர், ஒரு திவால் சட்ட வழக்கறிஞர், ஒரு சொத்து மதிப்பீட்டாளர் இந்த மூவரையும் நெருக்கடிக்கு முன்பே உறுப்பினர்களுக்குள் தேடி வையுங்கள். திரட்டும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஏலம் தோற்றால் திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கொடுங்கள். வாங்கும் விலையை மட்டும் திரட்டி நிற்பதுதான் வழக்கமான தவறு. முதல் சீசன் முடியும் வரை சம்பளம் கொடுக்கும் தொகையும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஜெர்மனியின் 50+1 விதி எல்லா இடத்திலும் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருப்பதால் கிளப்பை ஒருவர் இஷ்டத்துக்கு விற்கவோ இடம் மாற்றவோ முடியாது. அது பெரிய விஷயம். ஆனால் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகமும் கடனில் மூழ்கலாம். பெரும் உறுப்பினர் பலம் கொண்ட ஷால்கே 2021இல் கீழ் லீக்குக்கு இறங்கியது.

கேள்வி: வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை என்று வதந்தி. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஃபிஃபாவின் இணையதளத்தில் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வாங்கிய கிளப்புகளின் பட்டியல் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், வீரர் எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. எனவே சீசன் நடுவில் ஒரே மாதத்தில் இரண்டு, மூன்று வெளிநாட்டு வீரர்கள் ‘பரஸ்பர சம்மதத்தோடு’ விலகினால் வதந்தியில் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம். பாக்கியைத் தீர்த்தால் தடை நீங்கிவிடும். ஆகவே பட்டியலை ஒருமுறை பார்த்து விடாமல், வீரர் பதிவுக் காலம் தொடங்குவதற்கு முன் மறுபடி பாருங்கள்.