ஸ்டீமில் நீக்கிய கேம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பரீட்சை முடியும்வரை கேம் பக்கமே போகக் கூடாது என்ற கோபத்தில், கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் என் கணக்கிலிருந்து ஒரு கேமை நிரந்தரமாக நீக்கிவிட்டேன். காசு கொடுத்து வாங்கியது. இப்போது மறுபடி விளையாட ஆசையாக இருக்கிறது. திரும்பக் கிடைக்குமா, இல்லை இன்னொரு தடவை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: கிடைக்கும். அதனால் அவசரப்பட்டு ஸ்டோர் பக்கத்தில் போய் மறுபடி வாங்கிவிடாதீர்கள்.

ஸ்டீம் சப்போர்ட் தளத்துக்குப் போய், அந்த கேமை வாங்கிய அதே கணக்கில் லாகின் செய்யுங்கள். அங்கே இருக்கும் தேடல் பெட்டியில் கேமின் பெயரை டைப் செய்யுங்கள். உங்கள் லைப்ரரியில் எவ்வளவு தேடினாலும் அது தெரியாது, ஆனால் இங்கே வரும். திறந்து பார்த்தால், நீங்கள் கேட்டதால் இந்த கேம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்ற தகவலும், திரும்ப லைப்ரரியில் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கும். அதை அழுத்தினால் கேம் திரும்ப வந்துவிடும், மறுபடி டவுன்லோடு செய்துகொள்ள வேண்டியதுதான். இலவச கேமை நீக்கியிருந்தால் இதுகூட வேண்டாம், ஸ்டோரிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

'நிரந்தரம்' என்று சொல்லிவிட்டு எப்படித் திருப்பித் தருகிறார்கள் என்றால், நீங்கள் வாங்கியது உங்கள் கணக்கின் பெயரில் பதிவான ஒரு லைசென்ஸ், அதாவது விளையாடும் உரிமை. நீக்கினாலும் வாங்கிய பதிவு அவர்களிடம் இருக்கும். ஆனால் ரீஃபண்ட் வாங்கிய கேமுக்கு இந்த வழி கிடையாது, அது விற்பனையே ரத்தான மாதிரி.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஒரே பேக்கேஜாக வாங்கிய கேம்களில் ஒன்றை நீக்கினால் அந்த பேக்கேஜில் வந்த எல்லாமே சேர்ந்து போய்விடும். நீக்குவதற்கு முன்னால் எதெல்லாம் போகும் என்று திரையில் காட்டுவார்கள்தான், ஆனால் கோபத்தில் இருப்பவர் அதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறார். அதனால் வேறு ஏதாவது கேமும் காணாமல் போயிருக்கிறதா என்று ஒருமுறை லைப்ரரியைச் சரிபார்த்துவிடுங்கள். அப்புறம், எல்லா கேமும் ஸ்டீம் கிளவுடில், அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்பில், சேவ் ஆவதில்லை. கம்ப்யூட்டரில் பழைய சேவ் ஃபைல்கள் கிடந்தால் அவற்றை அழிக்காமல் வையுங்கள்.

அடுத்த பரீட்சைக்கு என் யோசனை, நீக்கவே நீக்காதீர்கள். முதலில் கேமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதுவும் போதாது, பெயரே கண்ணில் படக் கூடாது என்றால், லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்' என்பதற்குள் போனால் மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. திரும்ப வேண்டும்போது மேலே 'வியூ' மெனுவில் மறைத்த கேம்களின் பட்டியலைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். நண்பர்கள் கண்ணில் படக் கூடாது என்பதுதான் கவலை என்றால், 2024-இல் வந்த 'பிரைவேட்' வசதி அதற்குத்தான். கேம் உங்களிடம் இருப்பதும், நீங்கள் அதை விளையாடுவதும் மற்றவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: நான் முடித்துவிட்ட கேமை என் கணக்கிலிருந்து நீக்கினால், அதே கீயை, அதாவது கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீட்டை, தம்பியின் கணக்கில் போட முடியுமா?

பதில்: முடியாது. ஒரு கணக்கில் போட்ட கீ அதோடு சரி, கேமை நீக்கினாலும் கீ மறுபடி உயிர் பெறாது. உங்களுக்கும் போய், தம்பிக்கும் கிடைக்காமல் போகும். பணமும் திரும்ப வராது, ரீஃபண்ட் வேண்டுமானால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும் என்பதுதான் ஸ்டீமின் பொது விதி.

ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் குடும்பத்தார் கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதி இருக்கிறதே, அதில் 6 பேர் வரை சேரலாம். தம்பி தன் கணக்கிலிருந்தே, தன் சேவ் ஃபைலோடு உங்கள் கேமை விளையாடலாம். ஆனால் உங்கள் கேமில் அவர் ஏமாற்றி விளையாடி மாட்டினால் தடை உங்களுக்கும் விழும். இதைத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டோரிலேயே இப்போது விற்காத பழைய கேம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீக்கினால் ஆபத்தா?

பதில்: அதை மட்டும் தொடாதீர்கள். விற்பனையை நிறுத்தினாலும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பொதுவாகக் கேம் இருக்கும். ராக்கெட் லீக் என்ற கேமை 2020-இல் ஸ்டீம் கடையிலிருந்து எடுத்தபோதும் பழைய ஆட்கள் டவுன்லோடு செய்ய முடிந்தது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பிளேஸ்டேஷன் 4-இல் இலவசமாக வந்த பி.டி. என்ற திகில் கேம் டெமோவை 2015-இல் எடுத்தார்கள், அப்புறம் அதைத் தங்கள் கன்சோலிலிருந்து அழித்தவர்களால் திரும்ப டவுன்லோடு செய்ய முடியவில்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் கதை இன்னும் மோசம், 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள், காசு கொடுத்தவர்கள் தனியாகக்கூட அதை விளையாட முடியாமல் போனது, பிறகு லைசென்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். வாங்கியவர் எதையும் நீக்கவில்லை, விற்றவரே எடுத்துக்கொண்டார். இது பெரிய அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், இப்படி டிஜிட்டலாக கேம் விற்பவர்கள் 'நீங்கள் வாங்குவது லைசென்ஸ்தான்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னாலேயே ஸ்டீமும் பணம் கட்டும் இடத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. வரி போட்டதால் கேம் பத்திரமாகிவிடாது. பழைய கேம்கள்மேல் பிரியம் என்றால், ஜிஓஜி தளத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கே இணையம் இல்லாமலே கேமை நிறுவக்கூடிய ஆஃப்லைன் இன்ஸ்டாலரையே தருகிறார்கள், அதை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்துக்கொண்டால் கணக்கில் என்ன நடந்தாலும் கேம் உங்கள் கையில் இருக்கும்.