பள்ளிக்கூடத்தில் இருமல், காய்ச்சல்: கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவில் இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

பையனுக்கு ராத்திரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தேன், காலையில் இறங்கிவிட்டது. நானும் வேலைக்குப் போகணும். பள்ளிக்கூடம் அனுப்பலாமா டாக்டர்?

வேண்டாம் அம்மா. காய்ச்சலை இறக்கியது மாத்திரை. அதன் வேகம் தீர்ந்ததும் வகுப்பிலேயே மறுபடி சுடும். போன வாரம் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காகிதத்தில் மடித்த அரை மாத்திரையைக் காட்டினாள். "பதினோரு மணிக்குப் போட்டுக்கோன்னு அம்மா சொன்னாங்க." அந்தத் தாய்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனாலும் ஃப்ளூ காய்ச்சல் முதல் மூன்று நான்கு நாளில்தான் அதிகம் பரவும். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்புங்கள். லேசான இருமல் மிச்சம் இருந்தால் பரவாயில்லை.

மாதம் முழுக்க விடுப்பு எடுக்காத பிள்ளைகளுக்குப் பிரேயரில் பேனா பரிசு கொடுக்கிறோம். அதில் தவறு உண்டா? (தலைமை ஆசிரியர்)

உண்டு ஐயா. உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அந்தப் பேனாவுக்காகவே காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கு எடுத்த விடுப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்காகவே வருகிற பிள்ளையும் உண்டு. அந்த வீட்டில் விசாரிக்காமல் "வீட்டிலேயே இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஒரே அறையில் 40 பேர்.

சாரல் விழாத பக்கத்து ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும் டீச்சர். மணல்வாரி அம்மைக் கிருமி, நோயுள்ள பிள்ளை எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் தங்கும். பெஞ்சைத் துடைப்பதைவிடக் காற்றோட்டம் முக்கியம். அப்புறம், தண்ணீர் டிரம்மில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் டம்ளரைக் கழற்றிவிடுங்கள். ஆளுக்கொரு பாட்டில் போதும்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் எத்தனை நாள் விடுப்பு?

வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். மணல்வாரி என்றால் தடிப்பு வந்த பிறகு 4 நாள். சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை. வேப்பிலை வைப்பதில் தவறில்லை, ஆனால் மணல்வாரி வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ஒன்பதாவது படிக்கும் மகளுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் பள்ளிக்கு வரவேண்டாம் என்கிறார்கள்.

ஆறு மாதம் என்பது மாத்திரை சாப்பிட வேண்டிய காலம். ஒதுக்கி வைப்பதற்கான கணக்கு அதுவல்ல. மருந்துக்குக் கட்டுப்படுகிற சாதாரணக் காசநோய் என்றால், ஒழுங்காக மாத்திரை எடுத்த இரண்டு வாரத்தில் பரவும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். சிகிச்சை தரும் மருத்துவர் "போகலாம்" என்று எழுதிக் கொடுத்தால் மகளை அனுப்புங்கள். தட்டு, டம்ளர் வழியாக இது பரவாது. கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைக்க விடாதீர்கள். வீட்டில் எல்லோரும், கூடவே உட்காரும் தோழிகளும் பரிசோதனை செய்துகொள்ளணும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பர் வரை அது 500தான். மாத்திரையை நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறக்கூடும். அதுதான் என் பயம்.

பத்து வயதில் பள்ளியிலேயே ஊசி போடுகிறார்களே, எதற்கு?

டிடி ஊசி. தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் எதிரானது. 16 வயதில் இன்னொன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளை அழாமல் சும்மா இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஐந்து வயதுக்கு மேல் 30ஐத் தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.