கண் நல்லாத்தானே தெரியுது?

*சுகர் வந்து ஒன்பது வருடம். பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டும் தெரிகிறது. கண்ணை எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்? (54 வயது, அம்பாசமுத்திரம்)*

இந்த முறை அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஐயா, பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரை கெட்டிருக்கலாம். கண்ணின் பின்பக்கம் இருக்கும் அந்தத் திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் சர்க்கரையால் தளர்ந்து கசியும். கசிவு நடுப்பகுதியைத் தொடும்வரை பார்வை மங்காமலே இருக்கலாம்; வலிக்காது, உறுத்தாது, சிவக்காது. கண் பரிசோதனை போர்டில் கடைசி வரிவரை வாசித்தவர்கள் கண்ணுக்குள் ரத்தத் திட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப் போகும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம். ஆனால் மாத்திரை ஒழுங்காக வருவதால் கண்ணையும் பார்த்தாயிற்று என்று இருந்துவிடுகிறோம். இரண்டாம் வகை சர்க்கரை என்றால் கண்டுபிடித்ததுமே ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒன்பது வருடம் விட்டுவிட்டீர்கள். இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ வேறு கண் மருத்துவமனைக்கோ போங்கள்.

*பீடி சுற்றிச் சுற்றித்தான் கண் மங்குகிறதா? சுகரும் இருக்கிறது. (முக்கூடல்)*

கிட்டத்து வேலையால் கண் அசரும், அக்கா, விழித்திரை கெடாது. வெள்ளெழுத்தோ, புரையோ, சர்க்கரையோ, பார்த்தால்தான் தெரியும். கடையில் கண்ணாடி மட்டும் மாற்றிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

*விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டால் அன்றைய பிழைப்பு போய்விடுமே?*

நாலைந்து மணி நேரம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். பைக் ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள். மறுநாள் சரியாகிவிடும்.

*கருப்பட்டிக் காபி பரவாயில்லையா?*

கருப்பட்டியும் சர்க்கரைதான்.

*லேசர் வைத்தால் உள்ள பார்வையும் போகும் என்கிறார்கள். (வள்ளியூர்)*

பெரும்பாலும் முற்றிய பிறகு வருகிறார்கள். நோய் பறித்த பார்வைக்கு லேசர்மேல் பழி விழுகிறது. லேசர் போன பார்வையை மீட்க அல்ல, இருப்பதைக் காப்பாற்ற. ஓரப் பார்வையும் இருட்டில் தெரிவதும் கொஞ்சம் குறையலாம். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. விழித்திரையின் நடுவில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவோம். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுவோம். பலருக்குப் பார்வை கூடவும் செய்யும், ஆனால் ஒரே ஊசியில் முடியாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாவிட்டால் எதுவும் நிலைக்காது.

*நேற்றிலிருந்து ஒரு கண்ணில் கறுப்பு நூல் நூலாக மிதக்கிறது.*

உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை கிழிந்திருக்கலாம். அடுத்த பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே கிளம்புங்கள்.