மத்திய அரசின் உயர் அதிகாரிகளுக்குச் சம்பள உயர்வை யார் முடிவு செய்கிறார்கள்? அவர்களே போட்டுக்கொள்கிறார்களா?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் சம்பளப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கல்யாணப் பந்தியில் யாராவது "அவர்களே கோப்பு எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள்" என்று பேசினால் எனக்குச் சோறு இறங்காது. நீங்களும் அப்படி எதையோ கேட்டுவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது உண்மை இல்லை. ஆனால் முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன்.

ஒரு துறைச் செயலாளர் எவ்வளவு நன்றாக வேலை செய்தார் என்று பார்த்து யாரும் அவர் சம்பளத்தை உயர்த்துவதில்லை. கீழ்நிலை ஊழியருக்கு ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட் உண்டு. செயலாளருக்கு அதுவும் கிடையாது. 2016 முதல் அவருடைய அடிப்படை ஊதியம் 2,25,000 ரூபாய் என்று ஒரே கட்டத்தில் நிற்கிறது. அதிகாரிகளில் முதலாமவரான அமைச்சரவைச் செயலாளருக்கு 2,50,000. இடையில் ஏறுவது பெரும்பாலும் அகவிலைப்படிதான். அது ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் 12 மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அலுவலக உதவியாளருக்கும் செயலாளருக்கும் ஒரே சதவீதம். கொரோனா காலத்தில் மூன்று தவணைகளை நிறுத்தியபோதும் இருவருக்கும் சேர்த்தே நிறுத்தினார்கள்.

பெரிய உயர்வு ஊதியக் குழு வழியாகத்தான் வரும். ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை மத்திய அரசு குழுவை அமைக்கும். ஏழாவது குழுவுக்கு நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைவர். 2015 நவம்பரில் அறிக்கை தந்தார்கள். அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான செயலாளர்கள் குழு அதை ஆராய்ந்தது. 2016 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கையெழுத்து அமைச்சரவையுடையது; ஆனால் அறிக்கை அங்கே போவதற்கு முன், அதனால் பயன்பெறுகிறவர்களின் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அவர்கள் தங்கள் தொகையைக் கூட்டிக்கொள்ளவில்லை, ஊதியக் குழு சொன்னதே நின்றது. ஊழியர் தரப்பு குறைந்தபட்ச ஊதியமாக 26,000 கேட்டது. அதிலும் ஊதியக் குழு சொன்ன 18,000தான் நின்றது.

அந்த ஆண்டு எங்கள் அலுவலகத்தில் ஊதிய நிர்ணயம் முழுவதையும் நான்தான் போட்டேன். எல்லோருக்கும் பழைய அடிப்படை ஊதியத்தை 2.57ஆல் பெருக்கவேண்டும். எம்.டி.எஸ். (அலுவலக உதவியாளர் போன்ற கடைநிலைப் பணி) ஊழியர் ஒருவர் என் மேசைக்கு வந்து, "சார், மேலே இருக்கிறவர்களுக்கும் இதே 2.57 தானா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவரை உட்காரவைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது அகவிலைப்படி 125 சதவீதம். அதாவது 7,000 வாங்கியவர் அகவிலைப்படியோடு ஏற்கெனவே 15,750 வாங்கிக்கொண்டிருந்தார். அது 18,000 ஆனது. உண்மையான உயர்வு சுமார் 14 சதவீதம். செயலாளர் 80,000 வாங்கினார், அகவிலைப்படியோடு 1,80,000. அது 2,25,000 ஆனது. உண்மையான உயர்வு 25 சதவீதம். விதியில் எல்லோருக்கும் 2.57 என்றிருந்தாலும், செயலாளரின் நிலைக்கு ஊதிய அட்டவணையில் வைத்த பெருக்கல் எண் 2.81. மேலே போகப் போகப் பொறுப்பு கூடுகிறது என்பது ஊதியக் குழு சொன்ன காரணம். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒன்றும் சொல்லவில்லை.

உடனே சிலர் "செயலாளர் தனியார் நிறுவனத்துக்குப் போனால் இதைப்போலப் பல மடங்கு வாங்குவாரே" என்று வருவார்கள். தெரியும். நான் அதிகாரிகளுக்கு எதிரானவன் இல்லை. இரவு பத்து மணிக்கும் கோப்பு பார்த்த அதிகாரிகளின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் தொகை அதிகம் என்பது என் வாதமே இல்லை. விலைவாசி அடிமட்டத்தில்தான் அதிகமாகக் கடிக்கிறது. அங்கே 14, மேலே 25 என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் நடந்தது: குடியரசுத் தலைவரின் ஊதியம் அப்போது 1,50,000 ஆகவே இருந்தது. அமைச்சரவைச் செயலாளர் அவரைவிட அதிகம் வாங்கினார். 2018 பட்ஜெட்டில்தான் குடியரசுத் தலைவரின் ஊதியத்தை 5 லட்சமாக உயர்த்தினார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. நான் 2018 ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றேன். ஓராண்டு முழுவதும் வேலை பார்த்து முடித்தாயிற்று, ஆனால் இன்கிரிமென்ட் தேதி ஜூலை 1. "அன்று நீங்கள் பணியில் இல்லை" என்று என் அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்பியது. என்னைப் போன்ற ஒருவருக்குச் சாதகமாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2017லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அது வழக்குப் போட்டவருக்கு மட்டும் என்றார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த இன்கிரிமென்ட் உண்டு என்று சொன்னது. இப்போது ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் அதைச் சேர்க்கிறார்கள். வழக்குப் போடாதவர்களுக்கு 2023 மே 1க்கு முந்தைய நிலுவை கிடையாது. ஏறக்குறைய ஐந்தாண்டு நிலுவை எனக்குப் போனது போனதுதான்.

எட்டாவது ஊதியக் குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்திருக்கிறது. 2025 அக்டோபரில் ஆய்வு வரம்புகளுக்கு ஒப்புதல் கிடைத்தது, 18 மாத அவகாசம். அறிக்கை வரும்போது செய்தித்தாள்கள் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொட்டை எழுத்தில் போடும். நீங்கள் அதோடு நிற்காமல், அடிமட்டத்துக்கு என்ன பெருக்கல் எண், செயலாளருக்கு என்ன பெருக்கல் எண் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கும்.