கேள்வி-பதில்: அட்டையில் ஒரு நிறம், சுவரில் வேறு நிறம்

ஹாலுக்குக் கலர் கார்டில் சந்தன நிறம் பார்த்து 20 லிட்டர் கலக்கி வாங்கினோம். இரண்டு சுவர் அடித்தபின் பார்த்தால் லட்டு மஞ்சளாக இருக்கிறது. 'கலந்த பெயிண்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார் கடைக்காரர். நியாயமா? – வாசகி, தஞ்சாவூர்

முதலில் பக்கெட் மூடியில் மெஷின் அடித்து ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். ஷேடு எண் அதில் இருக்கும். கார்டில் நீங்கள் காட்டிய எண், பில்லில் எழுதிய எண், ஸ்டிக்கரில் உள்ள எண் மூன்றும் ஒன்றுதானா? ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் தப்பு கடைக்காரருடையது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேளுங்கள். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' போர்டு அங்கே செல்லாது. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் கடைக்காரர் மேல் குற்றமில்லை. கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவுத் துண்டு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறினால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு இரண்டும் அடர்ந்து தெரியும். மஞ்சள் குடும்பத்தில் இது ரொம்ப அதிகம். அதனால் கார்டில் பிடித்ததைவிட அதே வரிசையில் ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுக்க வேண்டும். அதையும் நேராக வாங்கக் கூடாது. சாம்பிள் டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி அட்டையில் வெள்ளை ப்ரைமர் மேல் இரண்டு கோட்டு அடியுங்கள். ஓரத்தில் வெள்ளை விட வேண்டாம். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் அடரும். ஆகவே ஒரு ராத்திரி காயவிடுங்கள். பிறகு காலை, மாலை 4 மணி, இரவு பல்பு வெளிச்சம் என மூன்று வேளையும், தரை டைல்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இப்போதைக்கு வழி: அதே கம்பெனியின் அதே ரக வெள்ளையை வாங்கி மீதிப் பெயிண்டில் கலந்து வெளிறச் செய்யலாம். தேவையான மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள், இரண்டாம் முறை அதே நிறம் வராது. என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் 4 லிட்டர் கிளிப்பச்சை கிடக்கிறது. அதுவும் அட்டையைப் பார்த்து வாங்கியதுதான்.

வாஸ்துப்படி மேற்குச் சுவருக்கு என்ன கலர்? – வாசகர், கரூர்

ஜோசியரைக் கேளுங்கள். அவர் சொல்கிற நிறத்துக்கும் சாம்பிள் டப்பா வாங்குங்கள்.

20 லிட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். பக்கெட்டில் 18 லிட்டர் என்று அச்சாகியிருக்கிறது. மோசடியா? – வாசகர், ஈரோடு

மோசடி இல்லை. பேஸ் என்பது நிறம் கலப்பதற்கு முந்தைய பெயிண்ட். அந்தப் பக்கெட்டில் கலரன்ட், அதாவது நிறச்சாயம், ஊற்ற இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். எவ்வளவு இடம் என்பது பேஸுக்கு பேஸ் மாறும். அடர்ந்த நிறத்துக்கு நிறைய ஊற்ற வேண்டும், வெளிறிய நிறத்துக்குச் சில மில்லிதான். எனவே விலையை ஒப்பிடும்போது 20ஆல் வகுக்காமல் பக்கெட்டில் அச்சிட்ட நிகர அளவால் வகுங்கள்.

நான் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 850 சதுர அடி வீட்டின் உட்புறத்துக்கு மூன்று பக்கெட் வாங்கச் சொன்னார் பெயிண்டர். ஒன்றரை பக்கெட் மீதி. டோக்கனுக்காகச் செய்திருப்பார் என்கிறார்கள். அது என்ன டோக்கன்? – வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த டோக்கன் விவகாரத்தை எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. பெயிண்டரைத் தங்கள் பக்கம் இழுக்கக் கம்பெனிகள் வைத்த வழக்கம் இது. முன்பு பக்கெட்டுக்குள்ளேயே பெயிண்டர் காசாக்கிக்கொள்ளும் டோக்கன் கிடக்கும், இப்போது பெரும்பாலும் க்யூஆர் கோடு. எத்தனை பக்கெட் திறக்கிறாரோ அத்தனை வரவு. அந்தக் காசு பெயிண்டின் விலையிலிருந்துதான் போகிறது, அதாவது உங்கள் கையிலிருந்து. வாங்குகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. எல்லாப் பெயிண்டரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளவு சொல்கிறவருக்கே அளவால் லாபம் என்றால் கணக்கு வீங்கத்தான் செய்யும்.

கணக்கை நாமே போடலாம். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. பட்டி பார்த்து ப்ரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும். ஆக மூன்றரை லிட்டர். 4 லிட்டர் வாங்கினால் போதும். மொத்த வீட்டுக்கும் அவசரக் கணக்கு வேண்டுமானால் தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்குங்கள், சீலிங்கும் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டுக்கு 2,975 சதுர அடி, 25 லிட்டர். அவர் வாங்கவைத்தது 60.

திறக்காத பக்கெட்டில் நிறம் கலக்காமல் இருந்தால் பில்லோடு கடையில் கேளுங்கள். பல கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை, திறக்காததைத் திரும்ப எடுப்பதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கணக்கில் வந்ததில் முக்கால் பங்கை மட்டும் முதலில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலந்துகொள்ளுங்கள். மீதியைப் பிறகு வாங்கினால் புதிய கலவையைச் சுவரின் நடுவில் தொடங்காமல் மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், நிற வேறுபாடு கண்ணில் படாது.

இன்ஸ்டாகிராமில் பார்த்த கருநீலத்தை ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அடித்தேன். மூன்று கோட்டுக்குப் பிறகும் திட்டுத்திட்டாக இருக்கிறது. வரி மிச்சம் என்று பில் வாங்கவில்லை. யார்மேல் கேஸ் போடலாம்? – வாசகர், சென்னை

உங்கள் மேல்தான். ஜன்னல் இல்லாத அறைக்குக் கருநீலம், பில்லும் இல்லை, இனி நான் எதைப் பிடித்துப் பேச? அடர்ந்த நிறத்துக்கான பேஸில் வெள்ளை நிறமி மிகக் குறைவு, அதனால் அடியில் இருப்பதை மறைக்காது. ப்ரைமரைச் சாம்பல் நிறமாக்கி அடித்திருந்தால் இரண்டு கோட்டில் முடிந்திருக்கும். பெயிண்டர் தண்ணீரை அதிகம் ஊற்றியிருந்தாலும் திட்டு விழும். டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. மேட் ரகம் என்றால் கை தேய்த்த இடமெல்லாம் பளபளக்கும், அதையும் எதிர்பாருங்கள்.

வீட்டு முகப்புக்கு அடர் சிவப்பு அடித்தோம். இரண்டு வருடத்தில் வெளுத்துவிட்டது. வாரன்டி ஏழு வருடம். – வாசகி, மதுரை

வாரன்டி அட்டையில் நிறம் மங்குவது இருக்கிறதா என்று படியுங்கள். பெரும்பாலும் உரிதலும் பாசியும்தான் இருக்கும். பளிச்சென்ற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் போடும் கரிம நிறமிகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். கோயில் மதிலில் பார்க்கிற காவி, செம்மண், மங்கிய மஞ்சள் எல்லாம் இரும்பு ஆக்சைடு, அவை நிற்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போங்கள்.

வெள்ளைச் சுவர் இரவில் நீலம் பாய்ந்து தெரிகிறது. பெயிண்ட் குறையா? – வாசகர், கோவை

பெயிண்ட் குறையில்லை, உங்கள் பல்பு 6500 கெல்வினாக இருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் நீலம் பாயும். 4000 வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கிரகப்பிரவேசத்துக்காகப் பூச்சு முடிந்த பத்தாம் நாளே பெயிண்ட் அடித்தோம். பச்சைச் சுவரில் வெளிறிய திட்டுகள். – வாசகர், திருச்சி

பூச்சு ஆற 28 நாளாவது வேண்டும். ஆறாத சிமெண்டின் காரம் நிறமியைத் தின்றுவிட்டது. இப்போதே மேலே இன்னொரு கோட்டு அடித்தால் அதுவும் போகும். ஈரம் முழுக்க வற்றட்டும், உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். பிறகு காரம் தாங்கும் ப்ரைமர் அடித்து அந்தச் சுவரை மூலைக்கு மூலை முழுவதும் அடியுங்கள். திட்டை மட்டும் ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியும்.

தாத்தா காலத்து வீடு. பழைய பச்சை எனாமலைச் சுரண்டிவிட்டு வெளிர் நிறம் அடிக்கலாமா? கைக்குழந்தை இருக்கிறது. – வாசகி, கும்பகோணம்

உலர்வாகச் சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறையானது. பழைய எனாமலில் எவ்வளவு இருக்கிறதோ, தூளாகப் பறந்தால் குழந்தைக்கு ஆபத்து. உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தை அப்படியே விட்டு, உரியும் இடத்தை மட்டும் தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கொண்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரித்து, கழிவைச் சுருட்டிக் கட்டி, பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தை உங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும்.