திரையில் புகை: தடை வேண்டுமா, தணிக்கை போதுமா?

கேள்வி: கதாநாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தவுடன் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் வந்து நிற்கிறது. எங்கள் ஊர்த் திரையரங்கில் அதைப் படிப்பவர் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை. புகைக்கும் காட்சிகளையே அரசு ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன?
- வாசகர், விருதுநகர்

பதில்: அந்த முயற்சி ஏற்கெனவே நடந்து, உயர் நீதிமன்றத்தில் தோற்றும் போயிற்று. அன்புமணி இராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் புகையிலைப் பொருள்களைக் காட்டவே கூடாது என்னும் விதிகள் 2005 மே 31 அன்று அறிவிக்கப்பட்டன. இந்தித் திரைப்பட இயக்குநர் மகேஷ் பட் வழக்குத் தொடுத்தார். தில்லி உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளிக்க, மூன்றாவதாக விசாரித்த நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், 2009 ஜனவரியில் அந்தத் தடை செல்லாது என்றார். கருத்துரிமைக்கு வரம்பு கட்டுவதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 19(2)ஆம் பிரிவு அடுக்கும் காரணங்களில் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு முதலியவை உண்டு. பொதுச் சுகாதாரம் அந்தப் பட்டியலில் இல்லை. மொத்தத் தடை என்று எந்த அரசு கிளம்பினாலும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அத்தகைய தடையை நான் விரும்பவும் இல்லை. பஞ்சாலை வாசலில் சங்கு ஊதியதும், பாதி புகைத்த பீடியை அணைத்துக் காதிடுக்கில் செருகிக்கொண்டு உள்ளே ஓடும் தொழிலாளியைக் காட்டும் இயக்குநர் பீடியை விற்கவில்லை. மிச்சப் பாதியை மாலைக்கு என்று சேமிக்க வேண்டிய வறுமையைச் சொல்கிறார். அந்தப் பீடியைப் பிடுங்கிவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. ஆனால் மெதுவோட்டத்தில் சிகரெட் சுழன்று மேலே போக, பின்னணி இசை எகிற, கதாநாயகன் அதை உதட்டில் பிடித்து நிற்கும்போது அரங்கில் விசில் பறக்கிறதே, அது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் எந்த விதியும் ஒன்று கலையைக் கெடுக்கும் அல்லது கண்துடைப்பாக முடியும் என்பது என் கருத்து.

கேள்வி: படத்தைப் பார்த்துத்தான் இளைஞர்கள் புகைக்கத் தொடங்குகிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா? கொலைக் காட்சியைப் பார்த்தவர்கள் எல்லாம் கொலை செய்வதில்லையே?
- கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நல்ல கேள்வி. கொலை செய்வதற்குத் துணிவும் பகையும் வேண்டும். சிகரெட்டுக்குப் பெட்டிக்கடையும் சில்லறையும் போதும். அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2012இல் வெளியிட்ட அறிக்கை, திரையில் புகைப்பதைக் காண்பதற்கும் இளையோர் அந்தப் பழக்கத்தைத் தொடங்குவதற்கும் இடையே இருப்பது காரண காரிய உறவே என்று முடிவு கூறியது. எல்லாரும் அப்படித் தொடங்குகிறார்கள் என்பது அதன் பொருளன்று. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் திரையின் பங்கு மிஞ்சுகிறது என்பதே பொருள்.

இந்த உண்மையை ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் வியாபாரிகள். தம் ஐந்து படங்களில் பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் சிகரெட்டுகளைப் பயன்படுத்துவதாகவும் அதற்கு 5 லட்சம் டாலர் பெறுவதாகவும் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் 1983இல் எழுதிக் கொடுத்த கடிதம் பின்னாளில் வெளியாயிற்று. பயனில்லாத இடத்தில் பணத்தைக் கொட்ட அவர்கள் என்ன தர்மப் பிரபுக்களா? 1998இல் சிகரெட் நிறுவனங்கள் அமெரிக்க மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகே, இப்படிப் பணம் கொடுத்துப் படத்தில் சிகரெட்டை நுழைப்பது அங்கே தடை செய்யப்பட்டது. நம் ஊரிலோ, ரஜினிகாந்தின் சிகரெட் வித்தையைக் கண்ணாடி முன் நின்று பழகாத ஆண்பிள்ளைகள் ஒரு தலைமுறையில் அரிதாகவே இருந்திருப்பார்கள்.

கேள்வி: படத்தின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் காட்டப்படும் விழிப்புணர்வுப் படங்கள் பயன் தருகின்றனவா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி

பதில்: 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, புகையிலைக் காட்சியுள்ள படங்களின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வுப் படமும், 20 விநாடி ஒலி-ஒளி எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும், காட்சி ஓடும்போது அடியில் வாசகமும் நிற்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் ஓடிடி தளங்களுக்கும் இது பொருந்தும். தம் படத்தின் நடுவே வாசகம் போட மறுத்து, ஹாலிவுட் இயக்குநர் உடி ஆலன் 2013இல் தமது ‘புளூ ஜாஸ்மின்’ படத்தை இந்தியாவில் வெளியிடாமலே விட்டார்.

பஞ்சைப் பிழிந்து கரிய தாரைக் குவளையில் ஊற்றும் அந்தப் படம் முதல்முறை பார்த்தபோது என் வயிற்றைக் கலக்கியது. இப்போது அது வந்தால் அரங்கில் பாப்கார்ன் வாங்கப் போகிறார்கள். கல்மனம் படைத்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. எதையும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டினால் பழகித்தான் போகும்.

கேள்வி: தடையும் வேண்டாம், வாசகமும் பயனில்லை என்றால், அரசு என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தயாரிப்பாளரின் பணப்பையின் மீது கை வைக்க வேண்டும் என்கிறேன். தமிழக அரசு 2011இல் கேளிக்கை வரிவிலக்குக்கு ‘யு’ சான்றிதழை நிபந்தனையாக்கியபோது, அதைப் பெறுவதற்காகத் தயாரிப்பாளர்கள் தாமாகவே முன்வந்து காட்சிகளை வெட்டினார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பிடி நழுவிவிட்டது. ஆனால் இன்னொன்று இருக்கிறது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது; ஆகவே தொலைக்காட்சி உரிமையின் விலை விழுந்துவிடும். கதாநாயகனின் பெருமைக்காக மட்டும் சிகரெட் வரும் படத்துக்கு ‘ஏ’ என்று தணிக்கை வாரியம் உறுதியாக நின்றால், அந்த மெதுவோட்டக் காட்சி படத்தொகுப்பு மேசையிலேயே காணாமல் போகும். பஞ்சாலைத் தொழிலாளியின் பீடி இருந்துவிட்டுப் போகட்டும்.

பெருமைக்காக வருவது எது, கதைக்காக வருவது எது என்று யார் தீர்மானிப்பது என்று நீங்கள் கேட்கலாம். புகைப்பதை ஊக்குவிக்கும், நியாயப்படுத்தும், கவர்ச்சியாக்கும் காட்சிகள் கூடாது என்று 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது வாரியத்தின் அன்றாட வேலை. ‘ஏ’ எதற்கு, இப்போது வந்துள்ள ‘யுஏ 16+’ சான்றிதழ் போதாதா என்றால், அது பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. வாசலில் யாரையும் அது தடுக்காது.

சுவரொட்டி விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2018இல் விஜய் சிகரெட்டுடன் தோன்றிய ‘சர்கார்’ படத்தின் முதல் சுவரொட்டிக்கு மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை அறிவிக்கை அனுப்பியது. படநிறுவனம் அதைச் சமூக வலைதளங்களிலிருந்து நீக்கியது. சுவரொட்டியில் கதை கிடையாது, பாத்திரம் கிடையாது. நட்சத்திரமும் அவர் கையில் சிகரெட்டும்தான். பள்ளி வாசல் மதிலில் ஒட்டும் அதற்கு எந்தத் தணிக்கைச் சான்றிதழும் கவசமாகாது.