பாஸ்க்வினேட்: கேலிக்குப் பெயர் தந்த சிலை

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய வரலாற்று நூலொன்றில், போப்பைக் கேலி செய்து எழுதப்பட்ட வரிகளைப் 'பாஸ்க்வினேட்' என்று குறித்திருந்தார்கள். அகராதியோ 'அங்கதப் பாட்டு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அங்கதத்துக்கு 'சட்டையர்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கையில் இது எதற்கு? எங்கிருந்து வந்தது?

க.

அன்புள்ள க.,

அகராதி சொல்வது சரி, ஆனால் பாதிதான். பழைய ரோமானியக் கவிஞர்களான ஹொரேஸும் ஜுவனலும் தம் அங்கதங்களைத் தம் பெயரிலேயே எழுதினார்கள். பாஸ்க்வினேட்டுக்கோ எழுதியவர் இன்னார் என்று தெரியாமலிருப்பதே அடிப்படை. நாலு பேர் கூடும் இடத்தில் இரவோடிரவாக ஒட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள்.

ரோமில் நவோனா சதுக்கத்தை ஒட்டி, கைகளை இழந்து முகம் சிதைந்த பழைய பளிங்குச் சிலையொன்று நிற்கிறது. 1501-இல் கர்தினால் ஒலிவியேரோ கராஃபா அதை அங்கே நிறுவினார். ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று அதற்கு வேடம் புனைந்து, மாணவர்கள் லத்தீன் கவிதைகளை ஒட்டுவது வழக்கமாயிற்று. அந்தப் புலமை விளையாட்டுக்குள் போப்புகள் மீதான வசையும் மெல்லப் புகுந்துகொண்டது. ஊரார் சிலையைப் பாஸ்க்வினோ என்றார்கள். அது அக்கம்பக்கத்துத் தையற்காரர் ஒருவரின் பெயர் என்பார்கள், பள்ளி ஆசிரியரின் பெயர் என்பாரும் உண்டு; இரண்டையும் ஊர்க்கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒட்டப்பட்டது பாஸ்க்வினாட்டா. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. சில சமயம் மார்ஃபோரியோ என்ற வேறொரு சிலையில் கேள்வியை ஒட்டுவார்கள், பதில் பாஸ்க்வினோவில் இருக்கும்.

இவற்றுள் பெரும்புகழ் பெற்ற வரி, பார்பெரினி குடும்பத்தவரான போப் எட்டாம் அர்பன் மீது எழுந்தது. அவர் ரோமின் பழங்கோயிலான பாந்தியோனின் முகமண்டபத்திலிருந்த பழைய வெண்கலத்தைப் பெயர்த்தெடுத்துப் பீரங்கி வார்க்கக் கொடுத்தபோது, 'காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள்' என்று ரோம் சிரித்தது. காட்டுமிராண்டிகளுக்கு லத்தீனில் 'பார்பரி' என்று பெயர். குடும்பப் பெயரோடு அது கொள்ளும் ஒலியொப்புமைதான் ஆறே சொற்களில் அமைந்த அவ்வரியின் கூர்மை. அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய போப் ஆறாம் ஏட்ரியன், சிலையையே டைபர் ஆற்றில் எறிந்துவிட நினைத்தாராம். தண்ணீருக்குள் போனால் தவளையைப் போல இன்னும் உரக்கக் கத்தும் என்று சொல்லித் தடுத்தார்களாம்.

நீங்கள் படித்த நூலில் இலக்கு போப் என்பதால், சொல் தன் மூலப்பொருளிலேயே ஆளப்பட்டிருக்கிறது. பெயர் போட்டு எழுதிய கேலிக் கட்டுரையையும் பாஸ்க்வினேட் என்று அழைப்பவர்கள் ஆங்கிலத்தில் உண்டு; அந்தத் தளர்ந்த வழக்கில் எனக்கு உடன்பாடில்லை.